செயினை அடகு வைத்து கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

ஓணம் விடுமுறைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இராஜாக்கமங்கலம் வந்திருந்தேன். பேக்கைக் கீழே வைப்பதற்குள் பெரியப்பா மகன் வாசலில் வந்து நின்றார். ஊரில் கல்யாண வீடியோ, ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கும் நேரத்தில் கடையை விட்டு அவர் வெளியே வருகிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். கையில் நாகர்கோவில் கம்ப்யூட்டர் கடை ஒன்றின் கொட்டேஷன் இருந்தது.

"மக்கா, எடிட்டிங்ல வீடியோ விட்டு விட்டு ஓடுது. இந்தக் கார்டு போட்டா சரியாயிரும்ணு கடைக்காரரு சொல்லுகாரு. உனக்க மைனிக்க செயினை அடகு வச்சு வாங்கிரலாம்ணு இருக்கேன். நீ என்ன சொல்லுக?"

கொட்டேஷனைப் பார்த்தேன். 'என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ2000, 6 ஜி.பி., புரொஃபஷனல் வொர்க்ஸ்டேஷன் கார்டு.' விலை நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

"அண்ணே, ரெண்டு நாள் பொறுங்க. மெஷினைப் பார்த்துட்டுச் சொல்லுகேன்" என்றேன்.

அந்த இரண்டு நாளில் நான் பார்த்ததும், அதிலிருந்து எனக்குத் தோன்றியதும்தான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாண வீடியோ, ஆல்பம், குறும்படம் செய்பவர்களில் பெரும்பாலானோருக்கு வொர்க்ஸ்டேஷன் கார்டு தேவையில்லை. அது மோசமான பொருள் என்பதால் அல்ல. அதில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், நாம் பயன்படுத்தவே போகாத ஒன்றுக்காகப் போகிறது என்பதால்.

வொர்க்ஸ்டேஷன் கார்டு என்பது என்ன?

என்விடியா 1999-ல் ஜிஃபோர்ஸ் 256 என்ற கார்டை விளையாட்டுப் பிரியர்களுக்காகக் கொண்டு வந்தது. அதே சிப்பை அடிப்படையாகக் கொண்டு, டிசைன் இன்ஜினியர்களுக்காக 'குவாட்ரோ' என்ற பெயரில் இன்னொரு கார்டையும் உடனே அறிவித்தது. அன்று முதல் இந்த இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக வளர்ந்து வருகின்றன. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் ஏ6000 முதல் குவாட்ரோ என்ற பெயரை என்விடியா கைவிட்டது. ஏஎம்டி பக்கம் ஃபயர் ஜிஎல், ஃபயர் புரோ என்று இருந்த பெயர் 2016 முதல் ரேடியான் புரோ ஆனது. இன்டெலும் 2022-ல் ஆர்க் புரோ என்று களத்தில் இறங்கியது.

பெயர்கள் மாறினாலும் ஒரு விஷயம் மாறவில்லை. வீட்டுக் கார்டும் வொர்க்ஸ்டேஷன் கார்டும் பெரும்பாலும் ஒரே சிப்பிலிருந்துதான் பிறக்கின்றன. அண்ணனின் கொட்டேஷனில் இருந்த கார்டையே எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் ஏ2000, ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டும் 2021-ல் வந்தவை. இரண்டிலும் இருப்பது ஜிஏ106 என்ற சிப்தான். ஏ2000-ல் 3328 குடா கோர்கள், 6 ஜி.பி. மெமரி, அமெரிக்காவில் அறிமுக விலை 449 டாலர். 3060-ல் 3584 குடா கோர்கள், 12 ஜி.பி. மெமரி, அறிமுக விலை 329 டாலர். அதிக கோர்களும் இரண்டு மடங்கு மெமரியும் உள்ள கார்டுதான் விலை குறைவு!

அப்படியானால் அந்தக் கூடுதல் விலை எதற்கு?

கூடுதல் பணம் எங்கே போகிறது?

முதலாவது, சான்றிதழ் பெற்ற டிரைவர். சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, சீமென்ஸ் என்எக்ஸ் போன்ற மெக்கானிக்கல் டிசைன் சாஃப்ட்வேர் நிறுவனங்கள் ஒவ்வொரு கார்டையும் ஒவ்வொரு டிரைவரையும் சோதித்து, 'இது எங்கள் சாஃப்ட்வேரில் சரியாக இயங்கும்' என்று பட்டியல் வெளியிடுகின்றன. திரையில் ஒரு கோடு தவறாகத் தெரிந்து, அதை நம்பி ஓர் அச்சு செய்துவிட்டால் நஷ்டம் லட்சங்களில் போகும். அப்படிப்பட்ட இடத்தில் இந்தச் சான்றிதழுக்கு நிச்சயம் மதிப்பு உண்டு.

இரண்டாவது, ஈசிசி மெமரி. மெமரியில் ஒரு பிட் தவறிப்போனால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் வசதி. இரவு பகலாக ஓடும் அறிவியல் கணக்கீடுகளுக்கு இது தேவை. கல்யாண வீடியோவில் ஒரு ஃபிரேமில் ஒரு புள்ளி நிறம் மாறினால் மாப்பிள்ளை வீட்டாரும் கவனிக்க மாட்டார்கள், பெண் வீட்டாரும் கவனிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, மின்சாரமும் இடமும். இதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஏ2000 வெறும் 70 வாட்டில் ஓடும். தனியாக பவர் கேபிள்கூட வேண்டாம், சிறிய கேபினெட்டிலும் அடங்கும். 3060-க்கு 170 வாட் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், சின்ன யு.பி.எஸ். வைத்து வேலை பார்ப்பவருக்கு இது உண்மையான சௌகரியம்தான்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. சில வேகங்கள் சிப்பில் இல்லை, டிரைவரில்தான் இருக்கின்றன. 2017 ஜூலை கடைசியில் என்விடியா தன் டைட்டன் எக்ஸ்பி கார்டுக்குப் புதிய டிரைவர் ஒன்றை வெளியிட்டது. மாயா போன்ற சாஃப்ட்வேர்களில் மூன்று மடங்கு வரை வேகம் கூடும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. கார்டைக் கழற்றவில்லை, சிப்பை மாற்றவில்லை. முன்பு பூட்டி வைத்திருந்ததைத் திறந்தார்கள், அவ்வளவுதான். வியாபாரத்தில் இது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் பணம் கொடுப்பது இரும்புக்கா, சாவிக்கா என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

எடிட்டிங் என்றால் தனி கார்டு என்ற நம்பிக்கை

கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏமாற்றவில்லை, நம்பித்தான் சொல்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவின் ஸ்டுடியோவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் ஒரு 'எடிட்டிங் கார்டு' இருந்தது. அந்த மெஷின் பக்கம் போனாலே அதட்டு விழும். 2000-களின் தொடக்கத்தில் கனோபஸ், மேட்ராக்ஸ், பினாக்கிள் போன்ற நிறுவனங்களின் கார்டுகள்தான் ஸ்டுடியோக்களை வாழவைத்தன. மினி டிவி டேப்பில் ஒரு மணி நேரப் படத்தை உள்ளே இழுக்க ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜி.பி. இடம் போகும். அன்றைய பிராசஸரால் ஒரு டிசால்வைக்கூடத் தடையில்லாமல் ஓட்ட முடியாது. அந்தச் சுமையை வாங்கிக்கொண்டது அந்த எடிட்டிங் கார்டுதான். அன்று அது தேவை. அந்தப் பணம் வீண் போகவில்லை.

பிறகு காலம் மாறியது. 2010-ல் அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5 வந்தபோது, கிராஃபிக்ஸ் கார்டின் குடா கோர்களைக் கொண்டு எஃபெக்ட்களை வேகமாக ஓட்டும் வசதி வந்தது. ஆனால் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் விலை உயர்ந்த குவாட்ரோக்கள்; வீட்டுக் கார்டு என்று பார்த்தால் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 285 இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். உலகம் முழுவதும் எடிட்டர்கள் அதை நோட்பேடில் திறந்து, தங்கள் கார்டின் பெயரை ஒரு வரி டைப் செய்து சேர்த்தார்கள். அவர்களுடைய சாதாரண ஜிஃபோர்ஸும் ஓடியது! பின்னால் வந்த பதிப்புகளில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது.

கடைசியாக மிஞ்சியிருந்த காரணம் 10 பிட் நிறம். போட்டோஷாப்பிலும் பிரீமியரிலும் 10 பிட் நிறத்தைத் திரையில் பார்க்க நீண்ட காலம் குவாட்ரோதான் வேண்டும் என்றிருந்தது. 2019 ஜூலையில் வந்த ஸ்டுடியோ டிரைவரில் ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கும் அது திறந்துவிடப்பட்டது. அதாவது நம் தொழிலில் இருப்பவர்கள் குவாட்ரோ வாங்குவதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. நம்பிக்கை மட்டும் கழலவில்லை.

அண்ணனின் மெஷினில் உண்மையான கோளாறு

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸர், 16 ஜி.பி. ராம், ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. மோசமான மெஷின் இல்லை. முந்தின வாரம் எடுத்த கல்யாணத்தை பிரீமியரில் திறந்தால், தாலி கட்டும் காட்சி ஸ்லைடு ஷோ மாதிரி ஓடியது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனேன். பிராசஸர் 100 சதவீதம். கிராஃபிக்ஸ் கார்டின் 'வீடியோ டிகோட்' வரைபடம் பூஜ்யம். கார்டு திணறவில்லை. வேலையே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஏன்? 'மீடியா இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்தது: 4கே, எச்.265, 10 பிட், 4:2:2. அண்ணன் புதிய கேமரா வாங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியிருக்கிறது.

இந்த 4:2:2 என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். வீடியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவு பதிவாகிறது. நிறத்தை மட்டும் சிக்கனமாகப் பதிவு செய்வார்கள். நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்றால் 4:2:0. இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்றால் 4:2:2. மொபைலில் நாம் பார்க்கும் வீடியோ எல்லாம் 4:2:0 வகைதான். 2020 வாக்கில் வந்த நல்ல கேமராக்கள் 4:2:2-ஐ உள்ளேயே பதிவு செய்யத் தொடங்கின. பட்டுப்புடவையின் நிறத்தைத் திருத்த அது அருமையானது. ஆனால் அதை விரித்துக் காட்ட, அதற்கென்று சிப்பில் ஒரு பகுதி வேண்டும். அதுதான் ஹார்டுவேர் டிகோடர்.

இனிதான் முக்கியமான விஷயம். 4:2:2-க்கான டிகோடர் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் கிடையாது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஏ2000-லும் கிடையாது. அண்ணன் செயினை அடகு வைத்து அந்தக் கார்டை வாங்கிப் போட்டிருந்தாலும், தாலி கட்டும் காட்சி அதே மாதிரி விட்டு விட்டுத்தான் ஓடியிருக்கும். அவசரப்பட்டு 3060 வாங்கியிருந்தாலும் கதை இதேதான்.

அந்த டிகோடர் எங்கே இருக்கிறது தெரியுமா? இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸில்! 2011-ல் இன்டெல் 'குவிக் சிங்க்' என்ற பெயரில் இந்த வேலைக்கு ஒரு தனிப்பகுதியைக் கொண்டு வந்தது. டெஸ்க்டாப்பில் 11-ம் தலைமுறை கோர் ஐ5, ஐ7 முதல் அது எச்.265 4:2:2 வீடியோவையும் கையாளும். ஆனால் அண்ணனின் பிராசஸர் பெயரில் கடைசியில் ஓர் 'எஃப்' இருக்கிறதே, அதன் பொருள் என்ன? உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது என்று பொருள். மெஷின் வாங்கும்போது ஒன்றிரண்டாயிரம் மிச்சம் என்று வாங்கிய அந்த எஃப்-தான் இவ்வளவுக்கும் காரணம்.

சரி, என்ன செய்தோம்? அன்றைக்கே பைசா செலவில்லாமல் ஒன்று செய்தோம். பிரீமியரிலேயே 'ப்ராக்ஸி' என்ற வசதி உண்டு. பெரிய ஃபைல்களுக்குச் சிறிய நகல்கள் செய்து, அவற்றில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசல் ஃபைலிலிருந்து வெளியே எடுக்கலாம். இரவு போட்டுவிட்டுப் போனால் காலையில் நகல்கள் தயார். தாலி கட்டும் காட்சி தங்குதடையின்றி ஓடியது.

முகூர்த்தங்கள் முடிந்த பிறகு, எஃப் இல்லாத அதே ஐ5-12400 பிராசஸரை வாங்கி மாற்றினோம். அதே மதர்போர்டு. பழைய பிராசஸரை விற்ற பணம் போக, கையிலிருந்து போனது சில ஆயிரங்கள்தான். பயாஸில் உள் கிராஃபிக்ஸையும் இயங்க வைத்து, பிரீமியரின் மீடியா அமைப்பில் இன்டெல் டிகோடிங்கைத் தேர்ந்தெடுத்தோம். இப்போது ப்ராக்ஸி இல்லாமலே ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: இந்த 12-ம் தலைமுறை பிராசஸர் உதவுவது எச்.265 வடிவத்துக்குத்தான். உங்கள் கேமரா 4:2:2-ஐ எச்.264-ல் பதிவு செய்தால் சுமை மறுபடியும் பிராசஸர் தலையில்தான் விழும். கேமரா மெனுவில் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் என்விடியா இந்தக் குறையைச் சரி செய்து, எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2 டிகோடரைச் சேர்த்துவிட்டது. எனவே அட்டைப் பெட்டியில் 'புரொஃபஷனல்' என்று இருக்கிறதா என்பதை விட, கார்டு எந்தத் தலைமுறை என்பதுதான் எடிட்டருக்கு முக்கியம்.

ஆல்பம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு

நம் பக்கத்தில் பிரபலமான 12-க்கு 36 இஞ்ச் ஆல்பம் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐ-யில் அது 3600-க்கு 10800 புள்ளிகள், அதாவது சுமார் 3.9 கோடி புள்ளிகள். 8 பிட் ஆர்ஜிபி-யில் ஒரு முழு லேயருக்கு ஏறக்குறைய 117 மெகாபைட். இருபது லேயர் போட்டால் இரண்டு ஜி.பி.-யைத் தாண்டிவிடும். இப்படி நாலைந்து ஷீட்களைத் திறந்து வைத்தால் முதலில் நிரம்புவது ராம்தான். ராம் நிரம்பினால் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். எனவே போட்டோஷாப் நகராமல் நின்றால் முதல் மருந்து 32 ஜி.பி. ராம், இரண்டாவது மருந்து நல்ல எஸ்எஸ்டி. கார்டு அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் யார்தான் வாங்க வேண்டும்?

என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பன் மெக்கானிக்கல் டிசைன் வேலையில் இருக்கிறான். இதைச் சொன்னதும் சண்டைக்கு வந்துவிட்டான். "ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ள அசெம்ப்ளியைத் திருப்பிப் பார்த்திருக்கியாலே? சாதாரண கார்டுல மாடல் நகரவே நகராது. சப்போர்ட்டுக்குப் போன் பண்ணினா, உங்க கார்டு பட்டியல்ல இருக்கான்னுதான் முதல்ல கேப்பான்" என்றான். அவன் சொல்வது முழுக்கச் சரி. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, என்எக்ஸ் போன்றவற்றில் சம்பாதிப்பவர்கள் வொர்க்ஸ்டேஷன் கார்டுதான் வாங்க வேண்டும். அங்கே அந்தப் பணம் காப்பீடு மாதிரி.

ஆனால் 'டிசைன்' என்ற ஒரே வார்த்தையை வைத்து எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. வீட்டு பிளான் போடும் ஆட்டோகேடும் 3டிஎஸ் மேக்ஸும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸை நம்பி ஓடுபவை. அவற்றுக்கு நல்ல ஜிஃபோர்ஸ் தாராளமாகப் போதும். பிளெண்டரில் ரெண்டர் செய்பவருக்குத் தேவை கோர்களும் மெமரியும், சான்றிதழ் அல்ல.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட வொர்க்ஸ்டேஷன்கள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. 'குவாட்ரோ போட்ட எடிட்டிங் மெஷின்' என்று சொல்லி விற்கிறார்கள். 2010-ல் வந்த குவாட்ரோ 4000-ல் இருப்பது 256 குடா கோர்களும் 2 ஜி.பி. மெமரியும்தான். அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. பெயரில் மயங்காமல், எந்த ஆண்டு வந்த கார்டு என்று கேளுங்கள்.

கடைக்குப் போகும் முன்...

உங்கள் மெஷின் திணறினால், பணத்தை எடுக்கும் முன் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நிரம்பி வழிவது பிராசஸரா, ராமா, டிஸ்க்கா, கார்டா?

2. மீடியா இன்ஃபோவில் உங்கள் வீடியோ எந்த வகை என்று பாருங்கள். 4:2:2 என்றால் அதற்கான டிகோடர் உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

3. ப்ராக்ஸியை ஒரு முறை முயன்று பாருங்கள். செலவு ஓர் இரவுதான்.

4. கடைக்காரரிடம், "என் ஃபைலை இந்தக் கார்டு போட்ட மெஷினில் ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பென் டிரைவில் ஒரு ஃபைலைக் கொண்டு போனால் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. புடவை எடுக்கப் போனால் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறோமா?

நகரத்து நிறுவனம் தவறான கார்டு வாங்கினால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி மறந்துவிடும். நம் ஊர் ஸ்டுடியோக்காரர் வாங்கினால், அடுத்த சீசன் வரை வட்டி கட்ட வேண்டும். அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

அண்ணனின் பழைய ஜிடிஎக்ஸ் 1650 இன்னும் அதே மெஷினில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மைனியின் செயின் மைனியின் கழுத்தில் இருக்கிறது. இதைப் பற்றி மைனிக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. இந்த இதழ் அவர் கண்ணில் படாமல் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.